சேமச் சக்கரம்

சங்க காலத்தில் உப்பு வணிகர் உமணர் எனப்பட்டனர். கடற்கரையில் விளைந்த உப்பை எருதுகள் பூட்டிய வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, உள்நாட்டு ஊர்களை நோக்கி அவர்கள் நெடுந்தொலைவு சென்றனர். வழியோ மேடும் பள்ளமும் நிறைந்தது. பாரம் மிகுந்த வண்டியின் அச்சு எவ்விடத்தில் முறியும் என்பதை எவரும் முன்னரே அறிதல் இயலாது. ஆதலின், உமணர் தம் வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் கட்டிக்கொண்டு புறப்பட்டனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமானின் மகனாகிய பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், இடர் வந்த காலத்தில் உதவும் அவனை இச்சேம அச்சுக்கு ஒப்பிட்டார். அப்பாடல் புறநானூற்றில் உள்ளது.

அந்நாள் தொட்டு இந்நாள்வரை வண்டிகள் பல மாறுதல்களை அடைந்துள்ளன. எருது இழுத்த இடத்தில் நீராவியும், பெட்ரோலும், இப்பொழுது மின்சாரமும் வந்துள்ளன. எனினும், ஆளில்லா வழியில் வண்டி நின்றுவிட்டால் என் செய்வது என்னும் கவலை மட்டும் மாறவில்லை. விரல் நீளமுள்ள ஓர் ஆணி, ஒன்றரை டன் எடையுள்ள காரை ஓரிடத்தில் நிறுத்திவிடுகின்றது. அவ்வாறு நின்ற கார் மின்சாரக் காராயின், அதன் பின்புறத்தைத் திறந்து பார்ப்பவர் சேமச் சக்கரத்தைக் காணாமல் திகைத்தல் கூடும். அச்சக்கரம் ஏன் மறைந்தது, அதன் பணியை இன்று யார் செய்கின்றனர் என்பவை அறியத் தக்கவை. காற்றடைத்த டயரும், சேமச் சக்கரமும், வழியில் உதவும் சங்கமும் வளர்ந்த பிரிட்டன் நாட்டின் வரலாறு இவற்றை நன்கு விளக்கும்.

பழங்காலத்துச் சக்கரம் மரத்தால் ஆயது. அதன்மேல் இரும்புப் பட்டை பூட்டப்பட்டிருந்தது. அது வலிமையுடையதேனும், கல்லில் ஏறி இறங்கும்போதெல்லாம் வண்டியையும் அதில் இருந்தவரையும் குலுக்கியது. இக்குறையைப் போக்க முதன்முதல் வழி கண்டவர் ஸ்காட்லாந்தில் பிறந்த இராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் பொறியாளர். ரப்பர் பூசிய துணிக்குழாயில் காற்றை அடைத்து, அதன்மேல் தோலுறை போர்த்துச் சக்கரத்தில் பொருத்தும் முறைக்கு அவர் 1845-ஆம் ஆண்டில், தம் 23-ஆம் வயதில், காப்புரிமை பெற்றார். அவர் செய்த சக்கரங்கள் குதிரை வண்டிகளில் பூட்டப்பெற்று ஓசையின்றி உருண்டன. ஆயினும், அவற்றைச் செய்வதற்குச் செலவு மிகுதியாயிற்று; மோட்டார் வண்டியோ இன்னும் பிறக்கவில்லை. ஆகவே, உலகம் தாம்சனின் படைப்பை மறந்துவிட்டது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் அதே கருத்தைத் தாமாகவே கண்டறிந்தார். அவருடைய சிறு மகன் மூன்று சக்கர வண்டி ஒன்றை ஓட்டி விளையாடுவது வழக்கம். கல் பாவிய தெருவில் அவ்வண்டி துள்ளித் துள்ளி ஓடிற்று. அதனைக் கண்ட தந்தையார், ரப்பர்க் குழாயில் காற்றை நிரப்பிச் சக்கரத்தைச் சுற்றிக் கட்டினார். வண்டி மெத்தென்று ஓடலாயிற்று. 1888-இல் டன்லப் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டிலேயே, அவருடைய டயர் பூட்டிய சைக்கிளில் ஏறிய வீரர் ஒருவர் பந்தயங்களில் வெற்றி பெற்றார். காற்றின்மேல் ஏறிச் செல்லும் வண்டியே விரைந்து செல்லும் என்பதை உலகம் அப்பொழுது உணர்ந்தது. தாம்சன் முன்னரே அதனைக் கண்டிருந்தமையால், டன்லப்பின் காப்புரிமை பின்னர்ச் செல்லாததாயிற்று. எனினும், டயர் என்றவுடன் அவர் பெயரே இன்றும் நினைவுக்கு வருகின்றது.

காற்றடைத்த டயர் இன்பத்தைத் தந்தது. அதனுடன் ஒரு துன்பத்தையும் கொணர்ந்தது. இரும்புப் பட்டையை ஆணி என்ன செய்ய முடியும்? ரப்பரையோ அது எளிதில் துளைத்துவிடும். அக்காலச் சாலைகளில் குதிரை லாடத்தினின்று கழன்ற ஆணிகள் எங்கும் சிதறிக் கிடந்தன. பிரான்சு நாட்டு மிச்சலின் உடன்பிறந்தார் இருவரும் 1895-ஆம் ஆண்டில், பாரிசிலிருந்து போர்டோ நகருக்குச் சென்று மீளும் மோட்டார்ப் பந்தயத்தில் காற்றடைத்த டயர்களுடன் கலந்துகொண்டனர். ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீண்ட அவ்வழியில் டயர்கள் மீண்டும் மீண்டும் துளைபட்டன. அவர்கள் பரிசு பெறவில்லை. ஆயினும், காற்றடைத்த டயர் மோட்டார் வண்டியையும் தாங்கும் என்பதை மெய்ப்பித்தனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1899-இல், பெல்ஜிய நாட்டவராகிய காமில் ஜெனாட்சி, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைக் கடந்த முதல் மோட்டார்க் காரை ஓட்டினார். அக்கார் மிச்சலின் டயர்களின்மேல் ஓடிற்று. அதனை இயக்கியது மின்சாரம். இன்று புதுமையாகத் தோன்றும் மின்சாரக் கார் உண்மையில் மோட்டார் யுகத்தின் தொடக்கத்திலேயே தோன்றியதாகும்.

அந்நாளில் டயர் துளைபட்டால் காரோட்டி படும் பாடு பெரிது. சக்கரம் காரிலிருந்து எளிதில் கழலாது. ஆகவே, அவர் சாலையோரத்தில் மண்டியிட்டு, நெம்புகோலால் டயரைப் பெயர்த்து, உள்ளே இருக்கும் டியூபை உருவித் துளையைக் கண்டுபிடித்து ஒட்டுப்போட்டு, மீண்டும் அதனை மாட்டிக் கைப்பம்பினால் காற்றடித்தல் வேண்டும். மழையாயினும் இருளாயினும் வேறு வழியில்லை. இத்துன்பத்தை நீக்க 1904-ஆம் ஆண்டில் வேல்ஸ் பகுதியில் உள்ள லனெல்லி என்னும் ஊரில் டேவிஸ் உடன்பிறந்தார் இருவர் ஒரு கருவி செய்தனர். ஆரக்கால் இல்லாத இரும்பு வளையம் ஒன்றில் காற்றடைத்த டயரை முன்னரே பொருத்தி வைத்தனர். பழுதுற்ற சக்கரத்தின் பக்கத்தில் அதனைப் பற்றுக்குறடுகளால் இறுக்கிவிட்டால் கார் மீண்டும் ஓடும். அவர்களுடைய தொழிலகம் இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. அத்தெருவின் பெயரே அச்சக்கரத்தின் பெயராயிற்று. ஆரக்காலற்ற அவ்வளையம் மறைந்து, முழுச் சக்கரத்தையே மாற்றும் வழக்கம் வந்த பின்னரும் பெயர் மறையவில்லை. தமிழ்நாட்டுக் காரோட்டிகளும் பஞ்சர்க் கடைக்காரர்களும் இன்றும் சேமச் சக்கரத்தை ஸ்டெப்னி என்றே அழைக்கின்றனர்.

பொருள் வடிவில் துணை கிடைத்த அதே காலத்தில், மக்கள் வடிவிலும் துணை கிடைத்தது. 1905-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் மோட்டார் உரிமையாளர் சிலர் கூடி ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்னும் சங்கத்தை நிறுவினர். வேக வரம்பை மீறுவோரைப் பிடிக்கக் காவலர் மறைந்திருக்கும் இடங்களைத் தம் உறுப்பினர்க்கு அறிவிப்பதே அச்சங்கத்தின் முதல் நோக்கம். அதற்கெனச் சைக்கிள் ஏறிய பணியாளர் சாலைகளில் சுற்றி வந்தனர். நாளடைவில் அந்நோக்கம் மாறியது. வழியில் நின்றுபோன வண்டிகளைப் பழுது பார்த்து அனுப்புவது அவர்களது தொண்டாயிற்று. சைக்கிள் போய் மோட்டார் சைக்கிளும், பின்னர்ப் பழுது பார்க்கும் கருவிகள் நிறைந்த வேனும் வந்தன. சாலையோரங்களில் சங்கத்தின் தொலைபேசிக் கூண்டுகள் நிறுவப்பட்டன. 1897-இல் தோன்றிய ராயல் ஆட்டோமொபைல் கிளப் என்னும் அமைப்பும் இவ்வாறே வழியுதவியில் ஈடுபட்டது. உறுப்பினர் பலர் ஆண்டுதோறும் சிறு தொகை செலுத்துவர். அவருள் இடருற்ற சிலருக்கு அத்தொகையால் உதவி கிடைக்கும். பலர் கூடிச் சுமந்தால் பாரம் இலேசாகும் என்னும் எளிய உண்மையே இதன் அடிப்படை.

பெட்ரோல் கார்களின் பெருக்கத்தால் மின்சாரக் கார் நெடுங்காலம் மறைந்திருந்தது. எடை குறைந்து ஆற்றல் மிகுந்த லித்தியம் அயனி மின்கலங்கள் வந்த பின்னர் அது மீண்டும் சாலைக்கு வந்தது. 2010-இல் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் என்னும் கார், 2013 முதல் இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரிலும் செய்யப்பட்டது. 2024-ஆம் ஆண்டில் பிரிட்டனில் புதிதாகப் பதிவான கார்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முற்றிலும் மின்சாரத்தால் ஓடுவதாகும்.

மின்சாரக் காரில், மக்கள் பாட்டரி என்று வழங்கும் மின்கல அடுக்கு, இருக்கைகளின் கீழே தரைப்பகுதி முழுதும் பரந்து கிடக்கின்றது. முதலில் வந்த லீஃப் காரில் அதன் எடை ஏறத்தாழ 300 கிலோகிராம். பெரிய கார்களில் அது 500 கிலோகிராமையும் கடந்துவிடும். எடை கூடக்கூட, ஒருமுறை ஏற்றிய மின்சாரத்தால் செல்லும் தொலைவு குறையும். ஆகவே, காரை அமைப்போர் ஒவ்வொரு கிலோகிராமையும் எண்ணிப் பார்க்கின்றனர். சேமச் சக்கரமும், ஜாக்கியும், ஸ்பேனரும் இடத்தை அடைப்பதோடு எடையையும் கூட்டுகின்றன. எப்பொழுதோ ஒருமுறை பயன்படும் பொருளை எந்நாளும் சுமந்து திரிவானேன் என்று கருதி, அமைப்போர் பலர் அவற்றை நீக்கிவிட்டனர். பெட்ரோல் கார்கள் பலவற்றிலும் இவ்வழக்கம் பரவியுள்ளது.

சக்கரத்தை நீக்கிய இடத்தில் அவர்கள் ஒரு சிறு பெட்டியை வைத்தனர். அதனுள் டயரின் துளையை அடைக்கும் பசைநீர்ப் புட்டியும், காரின் மின்சாரத்தால் இயங்கும் சிறு காற்றுப் பம்பும் இருக்கும். பசைநீரை வால்வின் வழியே டயரினுள் செலுத்திக் காற்றடித்தால், சக்கரம் சுழலும்போது அந்நீர் உள்ளே பரவித் துளையில் புகுந்து இறுகும். ஆனால், இம்மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது. தரையில் படியும் பகுதியில் ஆணி போன்ற பொருளால் உண்டான சிறு துளையை மட்டுமே அஃது அடைக்கும். டயரின் பக்கச் சுவர் கிழிந்திருந்தாலும், டயர் வெடித்திருந்தாலும் பசைநீரால் பயனில்லை. துளை அடைபட்ட பின்னரும், பெட்டியில் குறித்துள்ள வேகத்தை மீறாமல், பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு உட்பட்டு, அருகிலுள்ள பழுது பார்க்கும் நிலையம்வரை மட்டுமே செல்லுதல் வேண்டும். டயரைக் கழற்றுவோரிடம் உள்ளே பசைநீர் இருப்பதைச் சொல்லிவிடுவது நன்று. புட்டியின் மேல் ஒரு காலக்கெடு அச்சிடப்பட்டிருக்கும். அது கடந்த பின் பசைநீர் தன் தன்மையை இழந்துவிடும். பெட்டியை ஒருமுறையேனும் திறந்து அந்நாளைப் பார்த்து வைப்பவர் மிகச் சிலரே.

மின்சாரக் காரின் டயருக்குச் சுமையும் அதிகம், உழைப்பும் அதிகம். கனத்த உடலை அது தாங்குகின்றது. மேலும், மின்மோட்டார் தன் முழுத் திருகுவிசையையும் தொடக்கத்திலேயே தருவதால், புறப்படும்போது டயர் சாலையோடு கடுமையாக உராய்ந்து தேய்கின்றது. இதனால் மிகுந்த சுமை தாங்கும் சிறப்பு டயர்கள் இக்கார்கள் பலவற்றில் பூட்டப்படுகின்றன. எஞ்சின் ஒலி இல்லாமையால் சக்கரத்தின் இரைச்சல் எடுப்பாகக் கேட்கும். அதனைத் தணிக்கச் சில டயர்களின் உட்புறத்தில் நுரைப்பட்டை ஒட்டப்பட்டிருக்கும். இவற்றை மாற்றும்போது அதே அளவும் அதே தாங்குதிறனும் உடைய டயரையே பூட்டுதல் வேண்டும்.

டயரின் காற்று குறைந்தால் அதன் பக்கச் சுவர்கள் மிகுதியாக மடங்கிச் சூடேறும். சூடு மிகுந்தால் டயர் வெடித்தலும் கூடும். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் பழுதுள்ள டயர்களால் பல விபத்துகள் நேர்ந்தமை வெளிப்பட்டபின், காற்றழுத்தம் குறைவதை ஓட்டுநருக்கு உணர்த்தும் கருவியைச் சட்டம் கட்டாயமாக்கியது. 2014-ஆம் ஆண்டு முடிவிற்குள் ஐரோப்பிய நாடுகளில் விற்கப்படும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் அக்கருவி இடம்பெற்றது. முன்பலகையில் அதன் மஞ்சள் விளக்கு ஒளிரும்போது அதனைப் பொருட்படுத்தாது ஓட்டுதல் அறிவுடைமை ஆகாது. மாதம் ஒருமுறையும் நெடும்பயணத்திற்கு முன்னரும் டயர்கள் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளந்து பார்த்தால், வழியில் நேரும் துன்பங்களுள் ஒரு பகுதி வீட்டு வாயிலிலேயே நீங்கிவிடும். ரப்பரின் வரிப்பள்ளங்கள் எவ்வளவு ஆழம் எஞ்சியுள்ளன என்பதையும் பார்த்தல் வேண்டும். பிரிட்டனில் அவ்வாழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் காரை ஓட்டுதல் குற்றமாகும்.

இவ்வளவும் செய்தபின்னும் ஆணி தைக்கலாம். ஓடும் காரின் சக்கரத்தில் காற்று இறங்கினால், ஓட்டுநர் முதற்கண் செய்ய வேண்டியது பதறாதிருத்தலே. திடீரெனப் பிரேக்கை அழுத்தினால் கார் ஒருபுறமாக இழுக்கப்பட்டுக் கவிழவும் கூடும். ஆகையால் திருப்புசக்கரத்தை இரு கைகளாலும் உறுதியாகப் பற்றி, வேகத்தை மெல்லக் குறைத்து, எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு, சாலையை விட்டு இயன்றவரை விலகி நிறுத்துதல் வேண்டும். டயர் கெட்டாலும் கெடட்டும் என்று சிறிது தூரம் மெதுவாக உருட்டிச் சென்றேனும் பாதுகாப்பான இடத்தை அடைவது நல்லது. டயரை மீண்டும் வாங்கலாம். உயிரை வாங்க இயலுமோ?

பிரிட்டனின் சாலை விதிநூல் இவ்விடத்தில் தெளிவான அறிவுரை கூறுகின்றது. சாதாரணச் சாலையில் காருக்குப் பின்னே 45 மீட்டருக்குக் குறையாத தொலைவில் சிவந்த முக்கோண எச்சரிக்கைப் பலகையை வைக்கலாம். மோட்டார்வே எனப்படும் விரைவுச் சாலையிலோ அதனை வைத்தலே கூடாது. வைக்கச் செல்பவர் உயிருக்கே அது கேடாக முடியும். அச்சாலையில் நின்ற காரைச் சிறிதளவு பழுது பார்க்கவும் முயலக் கூடாது. காரில் உள்ள அனைவரும் வண்டிகள் விரையும் பக்கத்தை விடுத்து இடப்பக்கக் கதவின் வழியாக இறங்கி, தடுப்பு வேலிக்கு அப்பால் சென்று நிற்றல் வேண்டும். பிரிட்டனில் வண்டிகள் இந்தியாவிற்போலச் சாலையின் இடப்புறமே செல்கின்றன. விரைவுச் சாலையின் ஓரத்தில் 100 மீட்டருக்கு ஒன்றாக எண்கள் பொறித்த கம்பங்கள் உள்ளன. அவ்வெண்ணைச் சொன்னால், உதவி செய்வோர் இடத்தைத் தேடி அலையாமல் நேரே வந்து சேர்வர்.

கார் பாதுகாப்பான இடத்தில் நிற்கின்றது. ஓட்டுநருக்குச் சக்கரம் மாற்றும் பழக்கமும் உண்டு எனக் கொள்வோம். அப்பொழுதும் மின்சாரக் காரில் ஒரு பெரும் எச்சரிக்கை தேவை. ஜாக்கியைக் காரின் அடியில் கண்ட இடத்தில் முட்டுக்கொடுத்தல் ஆகாது. தரையின் கீழ்ப்பகுதி முழுதும் மின்கல அடுக்கின் உறையே உள்ளது. ஜாக்கியின் முனை அதில் அழுந்தினால் உறை நசுங்கும். உள்ளிருக்கும் மின்கலங்கள் ஊறுபட்டுத் தீப்பற்றலும் கூடும். அம்மின்கல அடுக்கோ காரின் உறுப்புகளுள் மிக விலை உயர்ந்தது. ஓர் ஆணியால் நேர்ந்த சிறு செலவு, ஓர் அவசரத்தால் பெருஞ்செலவாக மாறிவிடும். ஜாக்கியை வைப்பதற்கென நான்கு சக்கரங்களின் அருகிலும் வலுவான இடங்கள் குறிக்கப்பட்டுள்ளன. காருடன் தரும் கையேட்டில் அவற்றின் படம் இருக்கும். சில கார்களில் அவ்விடங்களில் பொருத்துவதற்கெனத் தனி அட்டைகளும் உண்டு. மேலும், திருட்டைத் தடுக்கச் சக்கரத்தில் பூட்டு நட்டு ஒன்று இருக்கலாம். அதன் திறவு காரில் இல்லையாயின், தேர்ந்த வல்லுநரும் கைகட்டி நிற்க நேரும்.

காரை வேறு வண்டியில் கட்டி இழுத்துச் செல்வதிலும் வேறுபாடு உண்டு. பெட்ரோல் காரில் கியரை விடுவித்துவிட்டால், சக்கரம் சுழன்றாலும் எஞ்சின் சுழலாது. மின்சாரக் கார்களில் பெரும்பாலானவற்றில் சக்கரமும் மின்மோட்டாரும் எப்பொழுதும் இணைந்தே உள்ளன. இயங்கும் சக்கரங்கள் தரையில் உருளுமாறு இழுத்தால், மோட்டாரும் உடன் சுழன்று மின்னாக்கியாக மாறி மின்சாரத்தைத் தோற்றுவிக்கும். காரின் காப்பமைப்புகள் உறங்கிக் கிடக்கும் அவ்வேளையில் அம்மின்சாரம் மோட்டாரையும் அதனை ஆளும் கருவிகளையும் கெடுத்துவிடக்கூடும். ஆகையால், நான்கு சக்கரங்களும் தரையில் படாதவாறு, தட்டையான மேடையுள்ள லாரியில் காரை ஏற்றிச் செல்வதே நன்முறை. பிரிட்டனின் வழியுதவிச் சங்கங்கள் இதற்கென வேறு உபாயங்களையும் கண்டுள்ளன. பழுது பார்க்கும் வேனில் மடித்து வைக்கத்தக்க சிறு சக்கரச் சட்டங்கள் உள்ளன. காரின் எல்லாச் சக்கரங்களையும் அவை தாங்கிக்கொள்ளும்.

ஆணி தைப்பதால் மட்டுமே கார் நிற்பதில்லை. மின்சாரக் காரில் பெரிய மின்கல அடுக்கைத் தவிர, 12 வோல்ட்டு உள்ள சிறு பாட்டரி ஒன்றும் பெரும்பாலும் உண்டு. கதவைத் திறப்பதும், விளக்கேற்றுவதும், காரைத் துயிலெழுப்புவதும் அதன் தொழில்கள். அது வலுவிழந்தால், பெரிய அடுக்கில் ஆற்றல் நிறைந்திருந்தும் கார் அசையாது. வேழம் கிடந்தது, பாகன் எழவில்லை என்பது போன்றது அந்நிலை. சிறிய பாட்டரிக்கு உயிரூட்டுவது பயின்றோர்க்குச் சில நிமிட வேலையே. இனி, வழியில் மின்சாரமே தீர்ந்துபோவதும் உண்டு. பெட்ரோலைத் தகரத்தில் கொணர்ந்து ஊற்றுவது போல மின்சாரத்தை ஊற்ற இயலாது. ஆதலின், 2019-ஆம் ஆண்டு முதல் பிரிட்டனின் வழியுதவி வேன்களுள் சிலவற்றில் மின்னேற்றும் கருவி வைக்கப்பட்டது. அடுத்த மின்னேற்று நிலையத்தை அடைவதற்குப் போதுமான சில மைல் ஓட்டத்திற்கு மட்டும் அது மின்சாரம் தரும்.

இப்பணிகளைச் செய்வோர்க்குத் தனிப்பயிற்சி தேவை. மின்சாரக் காரில் ஓடும் மின்னழுத்தம் பெரும்பாலும் 400 வோல்ட்டு அளவினது. சில கார்களில் 800 வோல்ட்டு அளவினது. உயிரைப் போக்க வல்ல அம்மின்சாரத்தைச் சுமக்கும் கம்பிகள் ஆரஞ்சு நிற உறையால் அடையாளம் இடப்பட்டுள்ளன. பயிற்சி பெறாதவர் அவற்றைத் தொடவே கூடாது. உதவியை நாடுவோரும் தம் பங்கினைச் செய்தல் வேண்டும். நின்றது மின்சாரக் கார் என்பதையும், அதன் பெயரையும், டயரின் பக்கத்தில் பொறித்துள்ள அளவையும், சேமச் சக்கரம் உண்டா இல்லையா என்பதையும் தொலைபேசியிலேயே தெரிவித்துவிட்டால், வருவோர் ஏற்ற கருவியுடன் வருவர். சொல்லாமல் விட்ட ஒரு செய்தியால், இழுத்துச் செல்ல இயலாத வண்டியொன்று வந்து வெறுமனே திரும்புதலும் கூடும்.

இந்தியாவிலும் இம்மாற்றம் வந்துள்ளது. டியூப் இல்லாத டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், துளை அடைக்கும் பெட்டியும் உடைய கார்கள் சேமச் சக்கரத்தைச் சுமக்க வேண்டுவதில்லை என 2020-ஆம் ஆண்டில் விதி திருத்தப்பட்டது. மின்சாரக் கார்களில் மின்கல அடுக்குக்குக் கூடுதல் இடம் கிடைக்கும் என்பதும் அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. தேசிய நெடுஞ்சாலைகளில் இடருற்றோர் 1033 என்னும் எண்ணில் உதவி கோரலாம். ஊர்தோறும் உள்ள பஞ்சர்க் கடைகள் இன்றும் வழிப்போக்கர்க்கு உற்ற துணையாக விளங்குகின்றன. எனினும், அக்கடைக்காரர் ஜாக்கியைக் காரின் அடியில் செருகுமுன், முட்டுக்கொடுக்கத் தக்க இடத்தைக் காட்டவேண்டியது காருக்கு உரியவரின் கடமையாகும்.

முற்காலத்துக் காரோட்டிக்குத் தன் கையே தனக்கு உதவி என்பது பெருமையாக இருந்தது. சாலையோரத்தில் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு டயரைக் கழற்றி மாட்டுவதை அவர் ஆண்மை எனக் கருதினார். அக்கைத்திறன் இன்றும் போற்றத் தக்கதே. ஆயினும், கருவி நுட்பமாக வளர வளர, எதைச் செய்யலாம் என்பதோடு எதைச் செய்யலாகாது என்பதையும் அறிதல் கல்வியின் ஒரு பகுதியாகின்றது. தெரியாத இடத்தில் ஜாக்கியை வையாமையும், விரைவுச் சாலையில் குனிந்து சக்கரத்தைக் கழற்றாமையும், வேலிக்கு அப்பால் பொறுமையுடன் காத்து நிற்றலும் சோம்பல் அல்ல, அறிவின் செயல்களே.

உமணர் தம் சேம அச்சை வண்டியின் அடியில் கட்டிச் சென்றனர். ஸ்டெப்னித் தெருவினர் அதனை ஒரு வளையமாக்கிக் காரின் பக்கத்தில் மாட்டினர். இன்றைய மின்சாரக் காரில் அவ்விடத்தை மின்கல அடுக்கு பற்றிக்கொண்டது. ஆனால் சேமம் மறைந்துவிடவில்லை. நள்ளிரவிலும் தொலைபேசியை எடுத்து விடையளிப்பவரிடத்தும், மழையில் வேனை ஓட்டி வரும் பணியாளரிடத்தும், என்றோ ஒரு நாள் யாருக்கோ உதவும் என்று ஆண்டுத் தொகை செலுத்தும் முன்பின் அறியாத பல்லாயிரவரிடத்தும் அது வாழ்கின்றது. இடரில் உதவும் ஒரு மனிதனைச் சேம அச்சு என்று ஔவையார் அன்று அழைத்தார். சேமச் சக்கரம் இல்லாத வண்டிகள் ஓடும் இந்நாளில் அவ்வுவமை முன்னினும் பொருத்தமுடையதாகின்றது.